தேநீர்க்கடைக்கு வெளியே

யாழ்ப்பாண நகரில், பொது நூலகத்திற்கும் முற்றவெளிக்கும் அண்மையிலுள்ள பூங்காவில் மாலை நாலரை மணிக்குப் பின்னர் ஒரு சபை கூடுகிறது. அச்சபைக்குத் தலைவர் இல்லை, செயலாளர் இல்லை, நிகழ்ச்சி நிரலும் இல்லை. வெயில் தணிந்ததும் சைக்கிளை மரத்தோடு சாத்திவிட்டு வந்து அமரும் ஆறேழு முதியவர்களே அதன் அங்கத்தினர். பாடசாலை விட்டு வீடு திரும்பும் வழியில் நாமும் சில காலமாக அங்கே ஒதுங்கி நின்று வருகிறோம். முதலில் செவிமடுப்பவராக நின்றோம். பின்னர் வாங்கில் இடம் தந்தார்கள்.

சபையின் பேச்சு எப்பொழுதும் இன்றைய நாளிலிருந்தே தொடங்கும். மீன் விலை, ஆஸ்பத்திரியில் மருந்து எடுக்கக் காத்திருந்த நேரம், கனடாவிலுள்ள மகள் தொலைபேசியில் சொன்ன செய்தி, ஓய்வூதியம் வந்ததும் வராததும் என்று ஒரு சுற்றுச் சுற்றும். கால் மணி நேரம் கழிவதற்கிடையில் யாராவது ஒருவர், "அந்தக் காலத்திலை..." என்று ஆரம்பிப்பார். அதன் பிறகு மீனும் இல்லை, மருந்தும் இல்லை. நகரம் ஒன்று எம் கண்முன் எழும்பும்.

அந்த நகரம் அழகானது என்பதை நாம் மறுக்க மாட்டோம். ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் அச்சபையில் உள்ளார், எண்பது வயது. 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியில் கொழும்புக்கு உத்தியோகம் தேடிச் சென்ற கதையை அவர் சொல்லும்போது, எந்த நிலையத்தில் வடை வாங்குவது, எந்த நிலையத்தில் தண்ணீர் பிடிப்பது என்பதுகூடத் தப்பாது வரும். 1959 இல் பொது நூலகத்தின் புதிய கட்டிடம் திறக்கப்பட்டபோது அவர் பாடசாலைச் சிறுவன். படிகளில் செருப்பின் ஓசை கேட்காதவாறு ஏறிச் சென்று புத்தகம் எடுத்ததை அவர் கூறுகையில், 1981 இல் அக்கட்டிடத்தோடு எரிந்த ஏறக்குறைய 97,000 நூல்களில் ஒன்றையேனும் தொட்ட கை இது என்று அவருடைய கையை நாம் பார்த்திருக்கிறோம்.

சோனகதெருவைச் சேர்ந்த தையற்காரர் ஒருவரும் வருவார். வின்சர், மனோகரா, ராணி, வெலிங்டன், ரீகல் என்று படமாளிகைகளின் பெயர்களை அவர் வரிசையாகச் சொல்வது பக்தர் ஒருவர் திருத்தலங்களின் பெயர்களைச் சொல்வதுபோல இருக்கும். எந்தப் படம் வந்தபோது எந்த மாதிரிக் காற்சட்டை தைக்கப் பொடியள் வரிசையில் நின்றார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். பெல்பொட்டம் காலத்தில் ஒரு தீபாவளிக்கு முன்னர் மூன்று இரவு உறங்கவில்லை என்பார்.

இவர்களோடு மூன்றாமவர் ஒருவர். மேசன் வேலை செய்து ஓய்ந்தவர், எழுபத்தெட்டு வயது. நகரின் எல்லையிலுள்ள குடியிருப்பிலிருந்து வருபவர். தையற்காரரின் பழைய சிநேகிதராகையால் அவருடன் கூட வந்து சபையில் சேர்ந்தவர். வாங்கின் ஓரத்திலேதான் அமர்வார். பேசுவது குறைவு, சிரிப்பார், தலையசைப்பார். அவர் தபாலதிபரை 'ஐயா' என்று அழைத்தார். தபாலதிபர் அவரை 'நீர்' என்று அழைத்தார். வயதில் இருவருக்கும் இரண்டு ஆண்டே வித்தியாசம். மொழியைக் கற்பித்துச் சம்பளம் வாங்கும் நாம் இதனை நெடுநாள் கவனித்தோமில்லை.

நாம் ஏன் கவனிக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். யாழ்தேவி யாழ்ப்பாணத்திற்கு வருவது 1990 இல் நின்றது. அந்த ஆண்டுகளையொட்டிப் பிறந்த தலைமுறையினர் நாம். எமது சிறுவயது நினைவுகளில் நகரம் என்பது மின்சாரமில்லாத இரவு, பதுங்குகுழி, மண்ணெண்ணெய் வரிசை, 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு மழையில் ஊரே நடந்த வீதி. புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது 2014 இல். அதற்கிடையில் நாம் வளர்ந்தவராகி விட்டோம். ஆகவே, போருக்கு முந்திய நகரமொன்று இருந்தது, அதில் மனிதர் இரவுக் காட்சி பார்த்துவிட்டுப் பயமின்றி வீடு திரும்பினர் என்று யாராவது கூறும்பொழுது, பசித்தவன் சோற்றைப் பார்ப்பதுபோல நாம் அதைப் பார்த்தோம். பசித்தவன் கல்லையும் நெல்லையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

இந்தப் பசியின் காரணமாகவே பத்தாந்தர மாணவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தோம். 'எமது நகரம் - முதியோர் நினைவில்' என்பது தலைப்பு. ஒவ்வொருவரும் முதியவர் ஒருவரைக் கண்டு, அவர் சொல்வதை அவருடைய பேச்சுமொழியிலேயே எழுதி வரவேண்டும். நல்லவற்றைத் தொகுத்துச் சிறு நூலாக்குவோம் என்றோம். பேச்சுமொழி இலக்கியத்துக்கு ஆகாது என்று பண்டிதர்களும், ஆகும் என்று முற்போக்கு எழுத்தாளரும் இந்த மண்ணில் அறுபதுகளில் நடத்திய வாதத்தைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர் நாம். அதனால் அந்த நிபந்தனையில் எமக்குச் சிறிது பெருமையும் இருந்தது.

முதியவர் கிடைக்காத இரு மாணவரை, ஒரு மாணவனையும் ஒரு மாணவியையும், பூங்காச் சபைக்கு நாமே அழைத்துச் சென்றோம். பிள்ளைகளைக் கண்டதும் சபைக்கு உற்சாகம் பிறந்தது. தபாலதிபர் பெரியகடையிலிருந்து ஆரம்பித்தார். கஸ்தூரியார் வீதி வழியாக வந்தார். பின்பு அந்நாளில் புகழ் பெற்றிருந்த ஒரு தேநீர்க்கடையை வந்தடைந்தார்.

"பிள்ளையள், அந்தக் கடைத் தேத்தண்ணி மாதிரி இனி எங்கை குடிக்கிறது? ஆத்தி ஊத்தினால் கிளாசிலை ஒரு சாண் நுரை நிக்கும். ஏழை, பணக்காரன் எண்டில்லை. ஊரே அங்கைதான் நிக்கும். அப்பிடி ஒரு ஒற்றுமை அப்ப இருந்தது."

மாணவி எழுதிக்கொண்டிருந்தாள். வாங்கின் ஓரத்திலிருந்தவர் தொண்டையைச் செருமினார்.

"நானும் அந்தக் கடைத் தேத்தண்ணி குடிச்சிருக்கிறன், ஐயா. ஆனால் கிளாசிலை குடிச்சால் எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியாது. எங்களுக்குப் போத்திலிலைதான் தந்தவை. வெளியிலை, வாய்க்காலுக்குப் பக்கத்திலை குந்தி இருந்து குடிக்க வேணும். குடிச்ச பிறகு நாங்களே கழுவி வைக்க வேணும். நுரை நிண்டதோ எண்டு போத்திலிலை பாக்க ஏலாது."

கோபமாக அவர் சொல்லவில்லை. மற்றவர்கள் மறந்துவிட்ட ஒரு விலையை நினைவுபடுத்துவதுபோலவே சொன்னார். சபை சிறிது நேரம் மௌனமாயிற்று. யாரோ ஒருவர் மழை வரும்போல இருக்கிறது என்றார். வானத்தில் மேகம் இல்லை.

மாணவன் கேட்டான்: "அப்ப நீங்கள் ஏன், தாத்தா, சும்மா இருந்தனீங்கள்?"

இந்தக் கேள்வியை எதிர்பார்த்திருந்தவர்போல அவர் திரும்பினார். "சும்மா இருக்கேல்லைத் தம்பி" என்று முற்றவெளிப் பக்கம் கையைக் காட்டினார். பின்னர் அவர் கூறியவற்றின் சாரம் இதுதான். பொது இடங்களில் சாதி காரணமாக ஒருவரை மறிப்பது குற்றம் என்ற சட்டம் 1957 இல் வந்தது. சட்டம் கொழும்பில் வந்தது. கடையில் போத்தல் அப்படியே இருந்தது. 1966 ஒக்டோபர் 21 ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கித் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் ஒன்று புறப்பட்டது. இடதுசாரிகள் ஒழுங்கு செய்த ஊர்வலம். பொலிசார் தாக்கினர். தாக்குண்டும் கலையாது நடந்தவர்கள் நகரை அடைந்து முற்றவெளியிற் கூட்டம் நடத்தினர். அவருக்கு அப்போது பத்தொன்பது, இருபது வயது. "அந்தப் புல்லிலைதான் வந்து இருந்தனாங்கள். கால் எல்லாம் கொப்புளம். எனக்கு யாழ்ப்பாணம் எண்டால் முதலிலை வாற ஞாபகம் அதுதான்."

நூலகமும் படமாளிகையும் யாழ்தேவியும் எல்லாம் அவருக்கும் தெரிந்தவையே. ஆனால் அவருடைய நகரம் தொடங்குவது முற்றவெளிப் புல்லில். ஒரே வாங்கில் இருந்த இருவர் இரண்டு நகரங்களில் வாழ்ந்திருக்கிறார்கள். மாலைதோறும் நாம் கேட்டு வந்தது அவற்றுள் ஒன்றின் கதையை மட்டுமே.

ஒரு கதவு திறந்தால் மற்றக் கதவும் திறக்கும் போலும். அன்று தையற்காரரும் படமாளிகைகளை விட்டு வேறொன்றைப் பேசினார். 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். சில மணி நேரமே அவகாசம். அந்த மாதத்தில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறக்குறைய 75,000 பேர் என்பர். அவர் தையல் இயந்திரத்தையும், தைத்து முடித்து ஆட்கள் வந்து எடுக்காதிருந்த உடுப்புகளையும் விட்டுச் சென்றார். புத்தளத்தில் இருபது ஆண்டுகளுக்கு அதிகம் இருந்துவிட்டுத் திரும்பியபோது கூரையில்லாத நான்கு சுவர்கள் இருந்தன. "அஞ்சு வருசம் கழிச்சு, அதே ஒக்டோபர் முப்பதிலை நீங்களும் நடந்தனீங்கள் எண்டு புத்தளத்திலை கேள்விப்பட்டன். சந்தோசப்படேல்லை, வாப்பா. நான் தைச்சு வைச்ச உடுப்புக்காரரும் அதுக்குள்ளை நடந்திருப்பினம் எண்டுதான் யோசிச்சன்."

இத்தனை மாதமாக இருவரும் ஏன் இவற்றைப் பேசவில்லை? யாரும் தடுத்ததில்லை. யாரும் கேட்டதுமில்லை. 'அந்தக் காலம்' இனிமையானது என்று சபை ஏற்கெனவே தீர்மானித்திருந்தது. அத்தீர்மானத்துக்குள் அடங்கும் நினைவுகளை மட்டும் அவர்கள் கொண்டு வந்தார்கள்.

இனி எமது தவற்றைச் சொல்கிறோம்.

மாணவி தன் கட்டுரையை அடுத்த வாரம் தந்தாள். தேநீர்க்கடையின் நுரையும் இருந்தது, போத்தலும் இருந்தது. சொல் தவறாமல், பேச்சுமொழி பிசகாமல் எழுதியிருந்தாள். நாம் அதைப் படித்தோம். நன்று என்று மகிழ்ந்தோம். பின்பு சிவப்பு மையினால் போத்தல் பற்றிய பகுதியை முழுமையாக வெட்டினோம். ஓரத்தில் 'நீளம் அதிகம்' என்று எழுதினோம்.

கட்டுரை நீளமானதன்று. நூல் பெற்றோர் கைக்குப் போகும். அபிவிருத்திச் சங்கத்தார் படிப்பார்கள். பழம்புண்ணைக் கிளறுவானேன் என்று யாராவது கேட்பார்கள் என்ற அச்சமே அந்த மையில் இருந்தது. எமது வீட்டிலும் 'அந்தக் கடை' புகழோடு பேசப்பட்டதுண்டு. எம் பாட்டனார் அதில் உள்ளே அமர்ந்து கிளாசில் குடித்தவர் என்பதும் அந்த மைக்குத் தெரிந்திருந்தது.

கொப்பியைப் பெற்ற மாணவி வகுப்பு முடியும்வரை காத்திருந்து வந்தாள். "சேர், மற்றப் பிள்ளையளின்ரை கட்டுரையள் இதைவிட நீளம். இதை ஏன் வெட்டினனீங்கள்? அந்தத் தாத்தா பொய்யே சொன்னவர்?"

"பொய் இல்லை, பிள்ளை" என்றோம். அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. அவள் நின்றாள். பின்பு மெதுவாக, "அங்கை ஒரு அம்மம்மாவும் இல்லை, சேர். அம்மம்மாவைக் கேட்டன். அவ ரீகல் தியேட்டரை வெளியிலை இருந்துதான் கண்டவவாம். சந்தைக்குக் கடகம் கொண்டு போற வழியிலை. அதையும் எழுதினால் வெட்டுவியளோ?" என்றாள்.

கேலி அல்ல அது. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று ஆசிரியர் கற்பிப்பதை மாணவர் கற்றுக்கொள்வர். அன்று நாம் இலக்கணத்தோடு சேர்த்து மௌனத்தையும் கற்பிக்க முற்பட்டோம்.

ஆசிரியர் ஓய்வறையில் இதனைப் பேசியபோது நண்பர் ஒருவர், "இப்ப ஆர் சாதி பாக்கினம்? இல்லாததைப் பிள்ளையளுக்கு ஏன் சொல்லிக் குடுக்கிறியள்?" என்றார். அவர் நல்லவர், எம்மை எச்சரிக்கவே சொன்னார். அதே மேசையில், தம் தங்கைக்காகக் கலியாணத் தரகர் தந்த குறிப்புகளை 'எங்கடை ஆக்கள்', 'மற்ற ஆக்கள்' என்று பிரித்து வைத்திருந்தார். 2018 இல் வரணியில் ஒரு கோயிலில், எல்லோரும் வடம் பிடிக்க வேண்டிவருமே என்பதற்காகத் தேரை மண் அள்ளும் இயந்திரத்தால் இழுத்த செய்தியைப் பத்திரிகைகளில் நாம் எல்லோருமே பார்த்தோம். இல்லாத ஒன்றிற்காக எவரும் இயந்திரம் வாடகைக்குப் பிடிப்பதில்லை.

நாம் சிந்தித்துக் கண்டது இதுதான். போர் எம்மிடமிருந்து பலவற்றைப் பறித்தது. பறிக்கப்பட்டவற்றின் மீதுள்ள ஏக்கம் நியாயமானது. ஆனால் போர் பெரியதாக இருந்ததனால் அதற்கு முந்திய எல்லாம் நல்லதாகத் தோன்றத் தொடங்கியது. ஷெல் ஓசை கேட்ட காதுக்குப் போத்தலைத் தரையில் வைக்கும் ஓசை கேட்பதில்லை. 'அந்நியர் வந்து கெடுத்தனர். அதற்கு முன்னர் நாம் ஒற்றுமையாக இருந்தோம்' என்ற கதை எமக்கு ஆறுதல் தருகிறது. அவ்வாறுதலுக்கான விலையை, வெளியே குந்தியிருந்தவர்களும் சில மணி நேரத்தில் வெளியே அனுப்பப்பட்டவர்களும் தம் மௌனத்தினால் செலுத்தி வருகிறார்கள்.

இதைச் சொல்ல நாம் முதலாமவருமல்லர். கஸ்தூரியார் வீதிச் சிகையலங்கார நிலையத்தில் தொழில் செய்துகொண்டே 'தண்ணீரும் கண்ணீரும்' எழுதியவரும், 1966 இல் 'மல்லிகை'யை ஆரம்பித்தவருமான டொமினிக் ஜீவாவும், 'பஞ்சமர்' எழுதிய கே. டானியலும் இந்த நகரத்தின் மற்றப் பக்கத்தை எழுதி வைத்துவிட்டே போனார்கள். அவர்களுடைய நூல்களைப் பரீட்சைக்காகப் படித்துச் சித்தி பெற்றவர் நாம். படித்தது சிவப்புப் பேனாவைத் தடுக்கப் போதவில்லை.

மறுநாள் மாணவியின் கொப்பியை வாங்கி, வெட்டிய கோடுகளின் கீழே 'இப்பகுதி இருக்க வேண்டும். வெட்டியது ஆசிரியரின் பிழை' என்று எழுதிக் கையொப்பமிட்டோம். பின்பு நூல் அச்சுக்குப் போகும் முன்னர், சொன்னவர்களிடம் வாசித்துக் காட்டுவது முறை என்று கருதி அவளையும் மாணவனையும் மீண்டும் பூங்காவுக்கு அழைத்துச் சென்றோம்.

மாணவி வாசித்தாள். தபாலதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார். போத்தல் வந்த இடத்தில் நாம் அவருடைய முகத்தைப் பார்க்காமலிருக்க முயன்றோம். வாசித்து முடிந்தபின் அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"எனக்குத் தெரியாது எண்டு சொல்ல ஏலாது. ஒவ்வொரு நாளும் பாத்தனான். பாத்ததை ஞாபகத்திலை வைக்கேல்லை, அவ்வளவுதான். பிள்ளை, நான் சொன்ன ஒற்றுமைக் கதையை வெட்டாதை. அது அப்பிடியே இருக்கட்டும். அதுக்குக் கீழை ஒரு வரி சேர். நான் உள்ளுக்கை இருந்து குடிச்சனான் எண்டு எழுது."

மேசன் ஐயா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரம் ஊர்வலத்தில் தம்மோடு நடந்த ஒரு சிநேகிதரைக் கூட்டி வந்து, "இவரையும் கேளுங்கோ, மாஸ்டர். என்னிலும் கூடத் தெரியும்" என்றார்.

நூல் சிறிய அளவில் வெளிவந்தது. அம்மம்மாவின் கடகமும் அதில் இருக்கிறது. தைத்து வைத்த உடுப்புகளும் இருக்கின்றன. பெற்றோர் ஒருவர் தம் பிரதியை அட்டைகூடத் திறக்காமல் திருப்பி அனுப்பினார். வேறொருவர் பாடசாலை வாயிலில் எம்மைக் கண்டு, "என்ரை அப்பாவின்ரை கதையும் இதுதான், எங்களுக்கே சொல்லேல்லை" என்று கூறி மேலும் இரண்டு பிரதி கேட்டார். இவ்விரண்டையும் வாசகருக்கு அப்படியே தெரிவிக்கிறோம். ஒரு சிறு நூலால் ஊர் மாறிவிட்டது என்று எழுதினால் அதுவும் ஒரு பொய் நினைவாகும். தபாலதிபர் இன்றும் மேசன் ஐயாவை 'நீர்' என்றே அழைக்கிறார். அறுபது ஆண்டுப் பழக்கம் ஒரு மாலையில் நாவைவிட்டு அகலாது.

எனினும் எமது சக ஆசிரியர்களுக்கும் மாணவருக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறோம். எமது ஊர்களில் எண்பதை அண்மித்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நூலகம் எரிந்ததற்காக இன்றும் நாம் துயரப்படுகிறோம். எழுதப்படாத இவர்களுடைய நினைவுகள் ஒரு தீக்குச்சியும் இல்லாமல் அழிந்து போகின்றன. அவர்களைத் தேடிச் செல்லுங்கள். 'அந்தக் காலம் எப்படி இருந்தது?' என்று மட்டும் கேட்டு வந்துவிடாதீர்கள். 'அப்பொழுது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? உள்ளேயா, வெளியேயா?' என்றும் கேளுங்கள். இரண்டு விடைகளையும் எழுதுங்கள். நாம் வாழ விரும்பும் நகரத்தை, நாம் நேசிக்கும் நகரத்தின் முழுக் கதையையும் அறிந்தவர்களாலேயே கட்ட முடியும்.